பல்கலைக்கழக ஒப்படைகளும் கணனிச் சோதனையும்: பெற்றோரும் மாணவரும் அறியவேண்டியவை

 

ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்து பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் பெற்றோர் சிலர் அண்மைக் காலமாக என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டு வருகின்றனர். “மகன்ரை ஒப்படையைக் கணனியில போட்டுப் பார்த்தவையாம். இருபது வீதம் எண்டு வந்திருக்காம். அப்பிடியெண்டால் இருபது வீதம் களவோ?” என்பதே அக்கேள்வி. நான் கணனி நிபுணன் அல்லன், கணக்காளன். எனினும் வீதம், சான்று, கணக்காய்வு ஆகிய மூன்றோடும் தினமும் பழகுபவன் என்ற வகையில் எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன். தமிழ் வாசிக்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் வாசித்துக் காட்டுவது நன்று.

1. எங்கள் வீட்டில் நடந்தது

தை மாதத்தில் ஓர் இரவு என் மூத்த மகள் தன் கணனியோடு சமையலறை மேசைக்கு வந்தாள். அவள் பல்கலைக்கழகத்தில் முதலாம் வருட மாணவி. பதினைந்து பக்க ஒப்படை ஒன்றை இரண்டு நாளில் கொடுக்கவேண்டும். கொடுப்பதற்கு முன் தானே ஒருமுறை பார்த்துக்கொள்வோம் என்று, இணையத்தில் இலவசமாகச் சோதிக்கும் தளம் ஒன்றில் அதைப் போட்டிருக்கிறாள். 34 வீதம் என்று சிவப்பு எழுத்தில் வந்துவிட்டது. அதன் கீழேயே, 29 யூரோ கட்டினால் சொற்களை மாற்றி வீதத்தைக் குறைத்துத் தருவோம் என்று ஓர் அறிவித்தலும் இருந்தது.

“அப்பா, உங்கட காட்டைத் தாங்கோ. இல்லாட்டி என்னை வெளியில விட்டிடுவினம்” என்றாள்.

உண்மையைச் சொல்வதானால் என் கை பணப்பையை நோக்கிப் போய்விட்டது. பிள்ளையின் படிப்பு என்றால் நாம் எல்லோரும் அப்படித்தான். பிறகு நிதானித்து, “பொறு பிள்ளை, முதலில் அந்த அறிக்கையை அச்செடு, பார்ப்பம்” என்றேன். அலுவலகத்தில் ஒரு கணக்கு ஒத்துவராவிட்டால் எப்படிப் பார்ப்பேனோ, அப்படியே சிவப்புப் பேனாவோடு இருந்து 34 வீதத்தையும் பிரித்தோம். விடை இப்படி வந்தது:

உசாத்துணைப் பட்டியல்: 11 வீதம்
முகப்புப் பக்கமும் உறுதிமொழிப் பக்கமும்: 2 வீதம்
மேற்கோள் குறியிட்டு, மூலமும் காட்டிய பகுதிகள்: 8 வீதம்
எல்லோரும் எழுதும் பொதுவான சொற்றொடர்கள்: 4 வீதம்
மூலம் காட்டாத இரண்டு பந்திகள்: 9 வீதம்

அதாவது 34இல் 25 வீதத்தில் எந்தக் குற்றமும் இல்லை. உசாத்துணைப் பட்டியலில் ஒரு நூலின் பெயரை வேறு யாரும் எழுதாத விதமாக எழுத முடியுமா? மிகுதி 9 வீதம் கவனிக்க வேண்டியதே. எங்கே வாசித்தது என்பதை அவள் குறித்துவைக்க மறந்திருந்தாள்.

“சரி, இந்த இரண்டு பந்தியையும் திருத்தினால் முடிந்தது” என்று நான் எழும்பியபோது அவள் எழும்பவில்லை. ஒன்பதாம் பக்கத்தைப் புரட்டிக் காட்டினாள். அதில் ஒரு நிறமும் இல்லை; முழு வெள்ளை. “அப்பா, இதில ஒண்டும் வரேல்லை. ஆனா இந்தப் பக்கம் முழுக்க நான் ஒரு இங்கிலிஸ் கட்டுரையில இருந்து டொச்சுக்கு மாத்தினது” என்றாள்.

சோதனையில் பிடிபட்டதில் பெரும்பகுதி குற்றமில்லை; உண்மையான குற்றம் பிடிபடவேயில்லை. இந்த மென்பொருள்களைப் பற்றி அறியவேண்டிய முக்கியமான விடயம் இதுதான்.

2. மென்பொருள் என்ன செய்கிறது?

இம்மென்பொருள்களில் மிகவும் பெயர்பெற்றது டேர்னிற்றின். 1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பேர்க்லிப் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடையவர்களால் அது தொடங்கப்பட்டது. இப்போது இவ்வகை மென்பொருள்கள் பல உண்டு. அடிப்படை வேலை எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றே. மாணவன் கொடுத்த எழுத்தைச் சிறு சிறு சொற்தொடர்களாகப் பிரித்து, தன்னிடமுள்ள சேமிப்போடு ஒப்பிடும். அச்சேமிப்பில் இணையப் பக்கங்கள், ஆய்விதழ்கள் ஆகியன இருக்கும்; முன்பு வேறு மாணவர்கள் கொடுத்த ஒப்படைகளும் இருக்கக்கூடும். ஒத்துப்போகும் இடங்களுக்கு நிறமிட்டு, மொத்தத்தில் எத்தனை வீதம் ஒத்துப்போகிறது என்று கூறும்.

இங்கே ஒரு சொல்லைக் கவனிக்கவும். மென்பொருள் கூறுவது ஒப்புமை வீதம். களவு வீதம் அன்று. ஒரு வசனம் வேறோர் இடத்திலும் உண்டு என்பதே அதற்குத் தெரியும். அதை எழுதியவர் மேற்கோள் குறி இட்டாரா, மூலம் சொன்னாரா, தற்செயலாக ஒத்ததா என்பதைத் தீர்மானிக்க, வாசிக்கும் மனிதர் வேண்டும்.

கணக்கியல் படித்தவர்களுக்குப் பரீட்சை மீதி என்றால் என்னவென்று தெரியும். வரவுப் பக்கமும் செலவுப் பக்கமும் சமப்பட்டால் நாம் மகிழ்ச்சியடைகிறோம். ஆனால் பரீட்சை மீதி சமப்படுவது கணக்குச் சரி என்பதற்கு முழுச் சான்றாகாது என்பதை முதலாம் பாடத்திலேயே படிப்பிக்கிறார்கள். ஒரு கொடுக்கல் வாங்கலை அடியோடு பதியாமல் விட்டாலும் அது சமப்படும். ஒரே தொகையைப் பிழையான கணக்கில் இட்டாலும் சமப்படும். ஒப்புமை வீதமும் அவ்வாறே. மொழிபெயர்த்து எடுத்தது, காசு கொடுத்து எழுதுவித்தது, கணனியில் ஏறாத பழைய அச்சுப் புத்தகத்திலிருந்து எடுத்தது ஆகியவை பெரும்பாலும் அதற்குத் தப்பிவிடும்.

பேர்லினில் கணனித்துறைப் பேராசிரியராக இருந்த டெபோரா வேபர்-வுல்ஃப் என்ற அம்மையார் 2004ஆம் ஆண்டு முதல் இம்மென்பொருள்களைச் சோதித்து வந்தவர். அவரும் பல நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து 15 மென்பொருள்களை எட்டு மொழிகளில் சோதித்து 2020இல் முடிவை வெளியிட்டனர். இவை உதவிக் கருவிகள் மட்டுமே, இறுதித் தீர்மானம் மனிதருடையது என்பதே அவர்கள் சொன்னதன் சாரம்.

3. பவேரியாவில் நடந்த வழக்கு

நம் மாநிலத்தவரான கார்ல் தியோடர் சூ குட்டன்பேர்க்கைப் பலரும் மறந்திருக்கமாட்டீர்கள். ஜேர்மனியின் பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர். அடுத்த சான்சலர் இவரே என்று பேசப்பட்டவர். பைரொய்த் பல்கலைக்கழகத்தில் 2007இல் அதியுயர் சித்தியோடு சட்டத்துறைக் கலாநிதிப் பட்டம் பெற்றார். 2011 மாசி மாதத்தில், பிரேமன் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் ஒருவர் அந்த ஆய்வேட்டுக்கு மதிப்புரை எழுத இருந்தார். சில வசனங்களை இணையத்தில் தேடிப் பார்த்தபோது, அவை வேறு இடங்களில் முன்பே வெளிவந்தவை என்று கண்டார். பெப்ரவரி 16ஆம் திகதி மியூனிக்கிலிருந்து வெளிவரும் சுட்டொய்ச்ச சைட்டுங் பத்திரிகை அதை வெளியிட்டது. உடனே இணையத்தில் பலர் ஒன்றுகூடி, ஆய்வேட்டைப் பக்கம் பக்கமாக வாசித்து, 393 பக்கங்களில் 371 பக்கங்களில் மூலம் காட்டாத பகுதிகள் உண்டென்று பட்டியலிட்டனர். ஒரு வாரத்தில் பட்டம் பறிபோயிற்று. மார்ச் 1ஆம் திகதி அமைச்சர் பதவியும் போயிற்று.

இரண்டாண்டின் பின், கல்வி அமைச்சராக இருந்த அனெற்ற ஷவான் அம்மையாரின் கலாநிதிப் பட்டத்தை டுசல்டோர்ஃப் பல்கலைக்கழகம் 2013 பெப்ரவரியில் இரத்துச் செய்தது. அவர் அந்த ஆய்வேட்டை எழுதியது 1980இல். அதன் பொருள் மனச்சாட்சி பற்றியது. முப்பத்துமூன்று ஆண்டுகளின் பின்னும் கணக்குத் திறக்கப்பட்டது. அவரும் பதவி விலகினார்.

இவ்விரண்டிலிருந்தும் நாம் கற்கவேண்டியவை இரண்டு. முதலாவது, கண்டுபிடித்தவர்கள் கவனமாக வாசித்த மனிதர்கள். எந்த மென்பொருளில் குறைந்த வீதம் காட்டினாலும், பிற்காலத்தில் வாசிக்கப்போகும் கண்களுக்கு அது பாதுகாப்பல்ல. இரண்டாவது, இந்நாட்டில் இது காலாவதியாகாத விடயம். பழைய சேமிப்பிலுள்ள எழுத்தை நாளைய மென்பொருள் திரும்பவும் வாசிக்கும்.

சாதாரண மாணவர்களுக்கு வரும் தண்டனையையும் அறிந்துகொள்ளுங்கள். ஒப்படையின் முடிவில், இதனை நானே எழுதினேன், காட்டிய மூலங்களைத் தவிர வேறு உதவி பெறவில்லை என்று கையொப்பமிட்டுக் கொடுக்கிறார்கள். அது பொய்யானால் அப்பாடத்தில் சித்தியின்மை வரும். பாரதூரமானால் படிப்பிலிருந்து நீக்கவும் இடமுண்டு. நம்மவர்கள் பெருமளவில் வாழும் நோர்ட்ரைன் வெஸ்ற்பாலன் மாநிலத்தில், பரீட்சையில் வேண்டுமென்றே ஏமாற்றுவோருக்கு 50,000 யூரோ வரை தண்டப்பணம் விதிக்கப் பல்கலைக்கழகச் சட்டம் இடமளிக்கிறது.

4. எத்தனை வீதம் வரலாம்?

எல்லோரும் கேட்பது இதையே. ஜேர்மனி முழுவதற்கும் பொதுவான ஓர் எண் இல்லை. இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் ஒரு விதி வெளியிட்டது. ஆய்வேடுகளில் ஒப்புமை 10 வீதம் வரை தண்டனை இல்லை. 10 முதல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்கு மேற்படாத காலத்துள் திருத்திக் கொடுக்கவேண்டும். 40 முதல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஏட்டைக் கொடுக்க முடியாது. 60க்கு மேல் பதிவே இரத்து. ஆனால் அந்த விதியிலும், மூலம் காட்டிய மேற்கோள், உசாத்துணை, சட்டவாசகம், 14 சொற்கள் வரையிலான பொதுச் சொற்றொடர்கள் ஆகியவற்றைக் கழித்த பின்னரே கணக்குப் பார்க்கவேண்டும் என்றிருக்கிறது. எங்கள் சமையலறை மேசையில் நாங்கள் செய்ததும் அந்தக் கழித்தலே.

ஆகவே, 30 வீதம் வந்த ஒப்படை நேர்மையானதாக இருக்கலாம். 3 வீதம் வந்த ஒப்படையில் அந்த மூன்றும் களவாக இருக்கலாம். எண்ணைப் பார்த்து அழவும் வேண்டாம், ஆறுதலடையவும் வேண்டாம். ஒவ்வொரு நிறத்தையும் திறந்து வாசியுங்கள்.

5. செயற்கை நுண்ணறிவும் மியூனிக் நீதிமன்றமும்

இப்போது சற்ஜிபிரி போன்றவற்றிடம் கேட்டு எழுதுவிக்கும் பழக்கம் வந்துவிட்டது. அது புதிதாக வசனம் அமைப்பதால் ஒப்புமைச் சோதனையில் பெரும்பாலும் அகப்படாது. அதற்கென வேறு சோதனை மென்பொருள்கள் வந்துள்ளன; டேர்னிற்றினும் 2023 ஏப்ரலில் ஒன்றைச் சேர்த்தது. ஆனால் இவற்றின் நம்பகம் குறைவு. 2023இல் 14 மென்பொருள்களைச் சோதித்த ஆய்வுக் குழு, இவை துல்லியமானவையல்ல என்று எழுதியது. அதே ஆண்டில் அமெரிக்காவின் ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் தாமே எழுதிய கட்டுரைகளில் பாதிக்கு மேற்பட்டவற்றை இத்தகைய கருவிகள் இயந்திரம் எழுதியதாகக் காட்டின என்று கண்டனர். எளிய சொற்களில், நேரான வசனங்களில் எழுதுவோரே அதிகம் அகப்படுகின்றனர். அண்மையில் ஊரிலிருந்து வந்து படிக்கும் நம் பிள்ளைகள் இதைக் கட்டாயம் அறிந்திருக்கவேண்டும்.

நம் நகரத்திலேயே ஒரு வழக்கு நடந்தது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பித்த ஒருவரின் கட்டுரை செயற்கை நுண்ணறிவால் எழுதப்பட்டது என்று கூறி, பல்கலைக்கழகம் அவரை நிராகரித்தது. அவர் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போனார். 2023 நவம்பரில் நீதிமன்றம் பல்கலைக்கழகத்தின் பக்கமே நின்றது. அனுபவமுள்ள பேராசிரியர்கள் கட்டுரையை வாசித்து ஒப்பிட்டுக் கூறிய மதிப்பீட்டுக்கு அங்கே பெரிய நிறை இருந்தது. அவ்வாறு சந்தேகம் எழுந்தால், தன் எழுத்து என்று விளக்கவேண்டிய நிலை மாணவனுக்கு வருகிறது. அந்நேரம் கையில் என்ன இருக்கும்? குறிப்புகள், முதற்படி, இரண்டாம் படி, திருத்தங்கள். கணக்காளனுக்கு உறுதிச்சீட்டு எப்படியோ, மாணவனுக்கு இவை அப்படி.

6. நமது வழக்கமும் என் கணக்கும்

நம்மவர்களில் சிலர், “மூலம் காட்டுவது வெள்ளைக்காரன் பழக்கம், ஊரில் இப்படியெல்லாம் இல்லை” என்பர். அது சரியல்ல. தொல்காப்பியர் தமக்கு முன்னிருந்தோர் கருத்தைச் சொல்லும்போது ‘என்ப’ என்று சொல்லி அவர்களைச் சுட்டுகிறார். நன்னூல், நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூன்றாக வகுத்து, எது எதன் வழிவந்தது என்று பிரித்துக் காட்டுகிறது. உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த நூல்களின் முகவுரையைப் பாருங்கள். ஏட்டுச்சுவடி தந்து உதவியவர்களின் பெயர்கள் இருக்கும். ஏன், நம் ஆலயங்களில் ஒரு சிறிய ரியூப் லைற்றில்கூட ‘உபயம்’ என்று தந்தவர் பெயரை எழுதிவைக்கிறோம். விளக்குக்கு உபயம் எழுதும் நாம், அறிவுக்கு உபயம் எழுதப் பஞ்சிப்படலாமா?

ஆனால் வேறொரு பழக்கமும் நம்மிடம் உண்டு. ரியூசன் நோட்ஸைப் பாடமாக்கி, எழுத்துப் பிசகாமல் பரீட்சையில் எழுதியவனே கெட்டிக்காரன் என்று நாம் வளர்ந்தோம். அந்தப் பெற்றோரே இங்கே பிள்ளைக்கு வழிகாட்டுகிறோம். ஆதலால் பிள்ளை தடுமாறுவதில் வியப்பில்லை.

அன்றிரவு மகளிடம் சொன்னதை இங்கும் சொல்லவேண்டும். 2003இல் நான் என் பட்டப்படிப்பின் இறுதியாண்டு அறிக்கையை எழுதியபோது, எனக்கு முன் படித்த அண்ணர் ஒருவரின் அறிக்கையிலிருந்து இரண்டு அத்தியாயங்களை அப்படியே எடுத்தேன். அவர் மனமுவந்து தந்தார். யாரும் கேட்கவில்லை. எந்த மென்பொருளும் இருக்கவில்லை. குற்றம் என்னுடையது, நான் படித்த இடத்தினதல்ல. அந்தப் பட்டப் பத்திரத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி நெஞ்சோடு கட்டிக்கொண்டுதான் நாட்டை விட்டு வந்தேன். வேறொன்றும் கொண்டுவரவில்லை. இங்கே அதை மொழிபெயர்ப்பித்து, முத்திரை குத்துவித்து, அதை வைத்தே இன்று சாப்பிடுகிறேன். கணக்கில் எனக்குக் குறைவில்லை. வேலையில் அதை நிரூபித்திருக்கிறேன். ஆனால் அந்தப் பத்திரத்தை எடுக்கும்போதெல்லாம் அந்த இரண்டு அத்தியாயங்களும் நினைவுக்கு வருகின்றன. அகதியாய் வந்தவனுக்குக் கடதாசிதானே எல்லாம். அந்தக் கடதாசியில் ஒரு மூலை எனக்குச் சொந்தமில்லை.

மகள் சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “அப்ப நான் ஒன்பதாம் பக்கத்தை எடுக்கிறன் அப்பா” என்றாள். விரிவுரையாளருக்கு மின்னஞ்சல் எழுதி ஒரு வாரம் கேட்டாள், கிடைத்தது. அந்தக் கட்டுரையின் கருத்தைத் தன் சொல்லில் மூன்று வசனமாக எழுதி, ஆசிரியர் பெயரை இட்டு, மிகுதிக்குத் தானே யோசித்து எழுதினாள். கிடைத்த புள்ளி 2,7. பெரிய புள்ளியல்ல. 29 யூரோவும் மிச்சம்.

7. செய்யவேண்டியவை

அ. வாசிக்கத் தொடங்கும் முதல் நாளிலேயே நூல், ஆசிரியர், ஆண்டு, பக்கம் ஆகியவற்றைக் குறிப்போடு சேர்த்து எழுதுங்கள். பிறகு தேடுவது கடினம்.

ஆ. பிறருடைய வசனத்தை அப்படியே எடுத்தால் மேற்கோள் குறியும் மூலமும் இடுங்கள். கருத்தை மட்டும் எடுத்துத் தன் சொல்லில் எழுதினாலும் மூலம் வேண்டும். மொழிபெயர்த்தாலும் வேண்டும்.

இ. நான்கு சொல்லை மாற்றுவது தன் சொல்லில் எழுதுவதாகாது. மூலத்தை மூடிவைத்துவிட்டு எழுதிப் பாருங்கள். எழுத வராவிட்டால் இன்னும் விளங்கவில்லை என்று பொருள்.

ஈ. முதற்படி, இரண்டாம் படி ஆகியவற்றைத் திகதியோடு சேமித்து வையுங்கள்.

உ. இணையத்திலுள்ள இலவசச் சோதனைத் தளங்களில் அவசரப்பட்டுப் போடாதீர்கள். போட்ட எழுத்தைச் சில தளங்கள் வைத்துக்கொள்ளக்கூடும். பிறகு உங்கள் ஒப்படை உங்கள் ஒப்படையோடேயே ஒத்துப்போகும். மாணவர் தாமே சோதிக்கப் பல்கலைக்கழகம் ஏதும் தந்திருக்கிறதா என்று முதலில் நூலகத்தில் கேளுங்கள்.

ஊ. செயற்கை நுண்ணறிவை எந்த அளவுக்குப் பயன்படுத்தலாம் என்று ஒவ்வொரு பாடத்துக்கும் விரிவுரையாளரிடம் முன்கூட்டியே கேளுங்கள். பயன்படுத்தினால் அதையும் எழுதுங்கள்.

எ. கிம்னாசியத்தில் மேல்வகுப்புப் பிள்ளைகள் எழுதும் செமினார் கட்டுரைக்கும் இவை பொருந்தும். அங்கேயே பழகினால் பல்கலைக்கழகத்தில் பயம் இராது.

ஏ. பெற்றோரே, “எத்தனை வீதம்?” என்று கேட்காதீர்கள். “இதில் உன்னுடையது எது, காட்டு பார்ப்பம்” என்று கேளுங்கள். பிள்ளை காட்டும் பக்கத்தைப் பொறுமையாக வாசியுங்கள். டொச் முழுவதும் விளங்காவிட்டாலும் பரவாயில்லை, பிள்ளை விளங்கப்படுத்தட்டும். தன் எழுத்தை விளங்கப்படுத்தத் தெரிந்த பிள்ளை எந்தச் சோதனைக்கும் பயப்படத் தேவையில்லை.

இது பற்றி மேலும் கேட்க விரும்பும் மாணவர்கள், ஞாயிறு வகுப்பு முடிந்தபின் ஒப்புமை அறிக்கையை அச்செடுத்துக்கொண்டு வாருங்கள். சிவப்புப் பேனா என்னிடம் உண்டு. ஒன்றாக இருந்து பார்ப்போம்.